சக்தியைக் குறைத்து ஜெயித்த கார்: ரோட்டு மெக்லாரன் எஃப்1 லெ மான்ஸுக்குத் தயாரான விதம்

1995-ஆம் ஆண்டு பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் முதலிடம் பிடித்த மெக்லாரன் எஃப்1 ஜிடிஆர் என்ற பந்தயக் காரின் எஞ்சின் கொடுத்தது ஏறக்குறைய 600 குதிரைத்திறன். அதே எஃப்1-ஐ (இது ரோட்டுக் காரின் பெயர், ஃபார்முலா 1 கார் அல்ல) மெக்லாரனிடம் காசு கொடுத்து வாங்கி, நம்பர் பிளேட் மாட்டி ரோட்டில் ஓட்டியவர்களுக்குக் கிடைத்தது 627. உலகின் மிகக் கடினமான பந்தயங்களில் ஒன்றை ஜெயித்த வண்டி, கடைக்குப் போய்வர ஓட்டக்கூடிய தன் உடன்பிறப்பைவிடச் சக்தி குறைந்தது.

காரை மாடிஃபை செய்வது என்றதும் நம்மில் பலருக்கு மனதில் வருவது பெரிய டர்போ, ரீமேப் செய்த ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), அதிர வைக்கும் சைலன்சர். நேர்க்கோட்டில் ஓடிச் சில விநாடிகளில் முடிந்துவிடும் டிராக் (drag) ரேஸுக்கு அது சரி. ஒரு நாள் முழுக்க ஓடும் என்டியூரன்ஸ் பந்தயத்துக்குக் காரைத் தயார் செய்பவர்கள் கவலைப்படுவது வேறு விஷயங்களுக்கு. எங்கே சூடேறும், எது முதலில் தேயும், தேய்ந்ததை எத்தனை நிமிடத்தில் கழற்றி மாட்டலாம், இருட்டிலும் மழையிலும் ஓட்டுநருக்கு என்ன தெரியும் என்பவை அவை. குதிரைத்திறன் அந்தப் பட்டியலில் ரொம்பக் கீழே இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே காரணம் புரிந்துவிடும். உங்கள் கார் ஒவ்வொரு சுற்றிலும் எதிரியைவிட 2 விநாடி வேகம் என்று வைத்துக்கொள்வோம். பந்தயத்தில் அது பெரிய இடைவெளி. ஆனால் நடுவில் ஏதோ ஒன்று உடைந்து, பிட்டில், அதாவது பாதையோரப் பழுதுபார்ப்பு இடத்தில், 10 நிமிடம் கூடுதலாக நிற்க வேண்டி வந்தால் போனது 600 விநாடி. சுற்றுக்கு 2 விநாடி வீதம் அதை மீட்க 300 சுற்று வேண்டும். 1995-இல் ஜெயித்த மெக்லாரன் 24 மணி நேரத்தில் ஓடியதே 298 சுற்றுதான். நாள் முழுக்கச் சேர்த்த வேகத்தை ஒரு பத்து நிமிடப் பழுது தின்றுவிடுகிறது. காரில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

எஃப்1 பந்தயத்துக்காகப் பிறந்த கார் அல்ல. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த கோர்டன் மரே, பிராபம் அணியிலும் பிறகு மெக்லாரனிலும் ஃபார்முலா 1 கார்களை வடிவமைத்தவர். 1988-இல் 16 பந்தயங்களில் 15-ஐ வென்ற மெக்லாரன் எம்பி4/4 கார் அவர் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தபோது வந்தது. அதன் பிறகு அவருக்குத் தோன்றிய ஆசை, உலகிலேயே சிறந்த ரோட்டுக் காரைச் செய்ய வேண்டும் என்பது. பந்தயத்தில் ஓட்டுவதற்காக எந்தச் சமரசமும் செய்யக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1992-இல் மொனாக்கோவில் அறிமுகமானது எஃப்1. நடுவில் ஓட்டுநர், இருபுறமும் சற்றுப் பின்தள்ளி இரண்டு பயணிகள். உடற்கூடு முழுவதும் கார்பன் ஃபைபரால் வார்க்கப்பட்ட முதல் உற்பத்தி ரோட்டுக் கார் அது. பிஎம்டபிள்யூவின் பால் ரோஷ் உருவாக்கிய 6.1 லிட்டர் வி12 எஞ்சின். எஞ்சின் அறையின் சூட்டைத் திருப்பி அனுப்ப உள்ளே தங்கத் தகடு ஒட்டியிருந்தார்கள். எடை சுமார் 1,140 கிலோ. இன்றைய சூப்பர்கார்கள் பல அதைவிட நானூறு ஐந்நூறு கிலோ கூடுதல்.

பந்தயத்துக்கு அதை இழுத்துவந்தவர்கள் வாடிக்கையாளர்கள். 1992-உடன் உலக ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன்ஷிப் நின்றுபோனது. அந்த வெற்றிடத்தில் யூர்கன் பார்த், பாட்ரிக் பீட்டர், ஸ்டெஃபான் ரட்டெல் மூவரும் சேர்ந்து, ரோட்டுக் கார்களை அடிப்படையாகக் கொண்ட பிபிஆர் தொடரை 1994-இல் தொடங்கினார்கள். பெயரே அவர்களின் முதலெழுத்துகள்தான். அதில் ஓட்ட மெக்லாரனே வேண்டும் என்று விடாமல் கேட்டவர்கள் பிரிட்டன் ஓட்டுநர் ரே பெல்மும், ஜெர்மனியின் வங்கியாளர் தாமஸ் பிஷரும். விருப்பமில்லாத மரே கடைசியில் இறங்கிவந்தார். 1995 சீசனுக்கு ஜிடிஆர் தயாரானது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பந்தயம் வேண்டாம் என்று வடிவமைத்த காரில் பந்தயத்துக்கு வேண்டிய பல விஷயங்கள் ஏற்கெனவே இருந்தன. சக்கரங்களை ஒற்றை நட்டு பிடித்திருந்தது. பிட்டில் நாலைந்து நட்டுகளைத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எஞ்சினில் டிரை சம்ப் இருந்தது. சாதாரணக் காரில் எஞ்சினுக்கு அடியில் ஒரு தொட்டியில் ஆயில் கிடக்கும். நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது அந்த ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சும். ஒன்றிரண்டு விநாடி ஆயில் இல்லாமல் சுழன்றாலே பேரிங்குகள் காலி. டிரை சம்ப்பில் ஆயிலை உடனுக்குடன் வேறு தொட்டிக்கு இழுத்து, அங்கிருந்து அழுத்தத்தோடு திருப்பி அனுப்புவார்கள். பந்தயக் கார் செய்தே பழகிய கை ரோட்டுக் காரைச் செய்தாலும் அப்படித்தான் செய்யும். ஜிடிஆர் ஜெயித்ததற்கு முதல் காரணம், மாற்ற வேண்டியது குறைவாக இருந்ததே என்பது என் கருத்து.

சக்தி ஏன் குறைந்தது? விதிதான் காரணம். எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் வழியில் குறிப்பிட்ட அளவுள்ள வளையத்தை மாட்டச் சொன்னார்கள். ரெஸ்ட்ரிக்டர் என்று பெயர். அந்த ஓட்டைக்கு மேல் காற்று போகாது, காற்று போகாவிட்டால் பெட்ரோலும் எரியாது. வெவ்வேறு எஞ்சின் கொண்ட கார்களை ஓரளவு சமமாக்க அதுதான் எளிய வழி. லெ மான்ஸில் பந்தயத்தை முடித்த ஐந்து மெக்லாரன்களின் நினைவாக, ரெஸ்ட்ரிக்டர் இல்லாமல் எல்எம் என்ற ஐந்து கார்களைப் பிறகு செய்தார்கள். அதில் அதே எஞ்சின் 680 குதிரைத்திறன் கொடுத்தது. ஆக, 80 குதிரைத்திறனைக் கையில் வைத்துக்கொண்டே ஓடிய எஞ்சின் அது. மூச்சுப் பிடித்துத் தலைதெறிக்க ஓடாமல், தன் திறனுக்குள் நின்று ஓடும் எஞ்சின் நாள் முழுக்கத் தாங்கும். விதி விலங்காக வந்தது. விளைவு ஆயுளாக மாறியது.

வெப்பம்தான் பெரிய எதிரி. லெ மான்ஸ் சுற்றுப்பாதை அப்போது 13.6 கிலோமீட்டர். அதில் 6 கிலோமீட்டர் நேர்ச்சாலையான மல்சான், 1990-இல் வேகத்தைக் குறைக்கும் இரண்டு ஷிகேன் வளைவுகள் வைத்து மூன்றாக உடைக்கப்பட்டது. வேகம் கட்டுக்குள் வந்தது, ஆனால் பிரேக்குக்கு வேலை கூடியது. ஓட்டுநரும் பெட்ரோலும் சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 300 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100-க்கு இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 37 லட்சம் ஜூல். ஒரு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. காற்றின் எதிர்ப்பும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். பெரும்பகுதி சில விநாடிகளில் நான்கு டிஸ்க்குகளில் இறங்கும். ஒரு சுற்றில் இப்படிப் பலமாக மிதிக்க வேண்டிய இடங்கள் ஐந்தாறு. அதை 300 சுற்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ரோட்டு எஃப்1-இல் இருந்தவை இரும்பு டிஸ்க்குகள். கார்பன் டிஸ்க் வைக்க மரே முயன்றார்; அன்றைக்கு அது குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது என்பதால் கைவிட்டார். ஜிடிஆரில் அந்தத் தடை இல்லை. கார்பன் டிஸ்க் எடை குறைவு, நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில்தான் அதன் பிடியே முழுமையாகும், இரும்பைப் போலச் சூட்டில் வளையாது. சூடு இறங்கிவிட்டால் மட்டும் மிதித்த அளவுக்குப் பிடிக்காது. மழையில் அது ஓட்டுநருக்குத் தலைவலி.

டிஸ்க்கை மாற்றினால் மட்டும் போதாது, காற்று போக வேண்டும். ஜிடிஆரை முன்னாலிருந்து பார்த்தால் மூக்கின் நடுவில் பெரிய திறப்பு ஒன்று தெரியும்; ரோட்டுக் காரில் அது கிடையாது. அதைவிட எனக்குப் பிடித்தது பக்கவாட்டு மாற்றம். ரோட்டு எஃப்1-இல் பின் சக்கரங்களுக்கு முன்னால் இருபுறமும் பெட்டி வைக்க மூடியுள்ள சிறு அறைகள் உண்டு. அளவெடுத்துத் தைத்த தோல் பெட்டிகள் அதில் போகும். ஜிடிஆரில் அந்த இரண்டு அறைகளும் காற்றுக் குழாய்களாகின. புதிதாக ஓட்டை வெட்டி உடற்கூட்டைப் பலவீனமாக்காமல், இருந்த இடத்தையே குளிர்விக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். பின்னால் கோணம் மாற்றக்கூடிய பெரிய இறக்கை வந்தது. உள்ளே சொகுசெல்லாம் கழன்றது, பயணிகள் இருக்கைகள் போயின, கார் உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூடான ரோல் கேஜ் ஏறியது. அவ்வளவும் செய்த பிறகு எடை 1,050 கிலோ.

சக்தி 27 குறைந்தது, எடை 90 கிலோ குறைந்தது. சக்திக்கும் எடைக்கும் உள்ள விகிதம் ரோட்டுக் காரைவிடச் சற்றுக் கூடியேவிட்டது. அதோடு இறக்கை தரும் அழுத்தமும் வழுவழுப்பான பந்தய டயரின் பிடியும் சேரும்போது, சக்தி குறைந்த கார் ஒவ்வொரு வளைவிலும் முந்துகிறது. எடைக் குறைப்பின் இன்னொரு பலன் பலர் கவனிக்காதது: லேசான கார் டயரையும் பிரேக்கையும் மெதுவாகத் தின்னும், பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். பிட்டுக்கு வரும் தடவைகளில் ஒன்றிரண்டு குறைந்தால் அதுவே ஒரு சுற்று.

மாறாமல் இருந்தது கியர்பாக்ஸ். ரோட்டுக் காரின் ஆறு கியர் பெட்டிதான், கையால் போடும் கம்பிதான். தனியாருக்கு விற்கும் பந்தயக் கார் என்பதால் அடிப்படையை அதிகம் தொடவில்லை. ரோட்டில் நாளைக்குச் சில நூறு முறை கியர் மாற்றினால் அதிகம். லெ மான்ஸில் ஒரு சுற்றுக்கே இருபது முப்பது தடவை, களைத்த கையால், இருட்டில். ஆயிரக்கணக்கான மாற்றங்களில் ஒன்று தப்பினால் பல் உடையும், இல்லை எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழலும். மெக்லாரன் ஆட்களே அதிகம் பயந்தது இதற்குத்தான்.

எந்தக் காராக இருந்தாலும் என்டியூரன்ஸுக்குத் தயார் செய்யும் பட்டறையில் பெரும்பகுதி நேரம் போவது கண்ணுக்குத் தெரியாத சின்ன வேலைகளுக்கு. ரோட்டுக் காரில் போல்ட்டை அளவோடு முறுக்கி விட்டுவிடுவார்கள். இங்கே முக்கியமான போல்ட்டுகளின் தலையில் மெல்லிய துளை போட்டு, அதன் வழியாக ஸ்டீல் கம்பியை விட்டு, இரண்டு இழையாக முறுக்கி, பக்கத்து போல்ட்டோடு சேர்த்துக் கட்டுவார்கள். ஒன்று தளர நினைத்தால் மற்றதை இறுக்கும் திசையில் இழுக்கும்படி கம்பி போகும். அதிர்வில் நட்டு கழன்றுவிடக் கூடாது என்பதற்கான பழைய விமானத் தொழில் முறை இது. நட்டின் மேலிருந்து அது உட்காரும் பரப்புவரை ஒரு பெயின்ட் கோடு இழுத்துவைப்பார்கள். அதிகாலை மூன்று மணிக்கு டார்ச் அடித்துப் பார்க்கும் மெக்கானிக்குக் கோடு நேராக இருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஸ்பானர் எடுத்துச் சோதிக்க வேண்டியதில்லை.

அதே யோசனை எல்லா இடத்திலும் ஓடும். காருக்கு அடியில் நிரந்தரமாகப் பொருத்திய காற்று ஜாக்குகள் இருக்கும். பிட் ஆள் ஒரு குழாயைச் செருகியதும் கார் தானே எழுந்து நிற்கும். பிரேக் ஆயில் குழாய்களில், பிடுங்கியதும் இரு முனையும் தானாக அடைபடும் இணைப்புகள் வைப்பார்கள். அவை இருந்தால் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரையே கழற்றி வேறொன்றை மாட்டினாலும் காற்று புகாது, பிரேக்கைப் பம்ப் அடித்துக் காற்றெடுக்கும் வேலை மிச்சம். பெட்ரோல் டேங்க், தகரத் தொட்டியாக இல்லாமல் உள்ளே நுரை நிரப்பிய ரப்பர் பையாக இருக்கும். மோதினாலும் கிழியாது, வளைவில் எரிபொருள் அலம்பாது. முன்பக்க உடல் ஒரே துண்டாகக் கழன்று வரும். கண்டிப்பாக எங்கேயாவது ஒருவன் இடிப்பான் என்று தெரிந்தே அப்படிச் செய்கிறார்கள். கண்ணாடியில் பனி படியாமல் இருக்க ஏற்பாடு, கையுறை போட்ட விரலுக்கும் அகப்படும் பெரிய பொத்தான்கள், ஓட்டுநர் குடிக்கத் தண்ணீர்க் குழாய், கூடுதல் விளக்குகள். இவை எதுவும் காரின் வேகத்தை ஒரு கிலோமீட்டர்கூடக் கூட்டாது. ஜெயிப்பது இவற்றால்தான்.

1995 ஜூன் 17-ஆம் தேதி மாலை ஏழு மெக்லாரன்கள் லெ மான்ஸில் வரிசையில் நின்றன. வெற்று வேகத்தில் அவற்றை மிஞ்ச ஆட்கள் இருந்தார்கள். கூராஜ், டபிள்யூஆர் போன்ற புரோட்டோடைப் கார்கள் பந்தயத்துக்கென்றே பிறந்தவை. பந்தயம் தொடங்கிச் சிறிது நேரத்தில் மழை பிடித்தது. மொத்த நேரத்தில் பெரும்பகுதிக்கு விடவேயில்லை. வேகமான கார்கள் பல தடுமாறின. மரியோ ஆண்ட்ரெட்டி ஓட்டிய கூராஜ் தொடக்கத்திலேயே மோதி, பழுதுபார்க்கப் பிட்டில் கணிசமான நேரம் நின்றது. பிறகு அது விரட்டி விரட்டி மேலே வந்தது.

கறுப்பு நிற 59-ஆம் எண் மெக்லாரன் உண்மையில் சோதனை ஓட்டங்களுக்காகச் செய்த முதல் ஜிடிஆர். ஜப்பானின் கொகுசாய் கைஹாட்சு பெயரில் லான்சான்டே அணி அதை ஓட்டியது. யானிக் டல்மாஸ், ஜேஜே லெஹ்டோ, மசனோரி செகியா மூவரும் ஓட்டுநர்கள். இரவில், கொட்டும் மழையில் லெஹ்டோ ஓட்டிய விதத்தை லெ மான்ஸ் ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். மற்றவர்கள் காலைத் தளர்த்திய இடங்களில் அவர் பின்பக்கம் வழுக்க வழுக்கப் போய்க்கொண்டிருந்தார். டெரெக் பெல், அவர் மகன் ஜஸ்டின், ஆண்டி வாலஸ் மூவரின் ஹாரட்ஸ் மெக்லாரன் வெகுநேரம் முன்னிலையில் இருந்தது. கடைசி மணிநேரங்களில் அதன் கிளட்ச் கைவிட, கியர் போடுவதே போராட்டமாகி மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. முதலிடம் 298 சுற்று, இரண்டாம் இடம் பிடித்த ஆண்ட்ரெட்டியின் கூராஜ் 297, ஹாரட்ஸ் கார் 296. பிட்டில் நின்ற நேரம் கொஞ்சம் குறைந்திருந்தால் கூராஜ் ஜெயித்திருக்கும். கிளட்ச் இன்னும் சில மணிநேரம் தாங்கியிருந்தால் டெரெக் பெல்லுக்கு ஆறாவது லெ மான்ஸ் பட்டம் கிடைத்திருக்கும்.

மழை மெக்லாரனுக்குக் கைகொடுத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஈரத் தரையில் சக்கரம் வழுக்குவதால் கியர்பாக்ஸில் இறங்கும் விசை குறையும், பிரேக்குக்கும் வேலை குறையும். காய்ந்த தரையில் 24 மணி நேரம் ஓடியிருந்தால் அந்தப் பெட்டிகளில் எத்தனை தாங்கியிருக்கும் என்பது நியாயமான சந்தேகம். ஆனால் மழை எல்லோருக்கும்தான் பெய்தது. ஏழில் ஐந்து மெக்லாரன்கள் முடித்தன. 1, 3, 4, 5, 13 ஆகிய இடங்கள். நான்காவதாக வந்த காரில் ஓட்டியவர்களில் ஒருவர், காரைப் பந்தயத்துக்குக் கொடுங்கள் என்று மெக்லாரனை நச்சரித்த அதே ரே பெல்ம். ஒன்று ஜெயிப்பது அதிர்ஷ்டமாக இருக்கலாம். தனியார் அணிகள் ஓட்டிய ஐந்து கார்கள் முடித்ததை அப்படிச் சொல்ல முடியாது.

இந்த வெற்றி அபூர்வமானது என்பதற்கு முன்னும் பின்னும் பார்த்தாலே போதும். முந்தைய ஆண்டு, 1994-இல், லெ மான்ஸை வென்றது டாவர் (Dauer) 962. அது 1980-களின் போர்ஷே 962 பந்தயக் காரை எடுத்து, ரோட்டில் ஓட்ட அனுமதி வாங்கி, ‘ரோட்டுக் காரிலிருந்து வந்தது’ என்று ஜிடி வகுப்பில் இறக்கிய வண்டி. 1996-இல் போர்ஷே 911 ஜிடி1-உடன் வந்தது. முன்பாதியில் 911-இன் சாயல், பின்னால் நடு எஞ்சின் பந்தயக் கார். ரோட்டுக் கார் எண்ணிக்கைக்காகப் பிறகு செய்யப்பட்டது. மெர்சிடிஸ் சிஎல்கே ஜிடிஆரும் அதே வழி. டொயோட்டா ஜிடி-ஒன் இன்னும் ஒரு படி மேலே போனது: ரோட்டுக் காரில் பெட்டி வைக்க இடம் வேண்டும் என்ற விதிக்கு, காலியாக இருக்கும் பெட்ரோல் டேங்கில் ஒரு சூட்கேஸ் போகும் என்று வாதாடி அனுமதி வாங்கினார்கள்.

மெக்லாரனும் சும்மா இருக்கவில்லை. 1997-க்கு வாலை நீட்டிய ஜிடிஆர் வந்தது. எஞ்சின் 6 லிட்டருக்குள் சுருங்கியது, பயமுறுத்திய பழைய கியர்பாக்ஸுக்குப் பதில் வரிசையாக மட்டும் மாற்றக்கூடிய பந்தயப் பெட்டி ஏறியது, எடை 915 கிலோவுக்கு இறங்கியது. அந்த ஆண்டு லெ மான்ஸில் ஒட்டுமொத்தமாக இரண்டாவது, மூன்றாவது இடங்கள். அருமையான கார்தான். ஆனால் அந்த நீண்ட வாலுக்கு அனுமதி வாங்க மூன்றே மூன்று ரோட்டுக் கார்கள் செய்ய வேண்டியிருந்தது. பந்தயக் காரை முதலில் செய்து, அதற்காக ரோட்டுக் காரைச் செய்யும் தலைகீழ் வழியில் மெக்லாரனும் கால் வைத்துவிட்டது. செலவு எகிறி, தனியார் அணிகள் வெளியேறி, இந்தக் கார்கள் ஓடிய ஜிடி1 வகுப்பு அந்த வடிவில் 1998-உடன் ஓய்ந்தது.

அதிலிருந்து கற்றுக்கொண்டுதான் இன்றைய ஜிடி3 வகுப்பு 2006-இல் வந்தது. பிபிஆர் மூவரில் ஒருவரான ரட்டெலின் முயற்சி அது. ரோட்டுக் காரிலிருந்து தொடங்க வேண்டும், ஆனால் யாரும் சக்திக்காகப் பணத்தைக் கொட்டிப் பயனில்லை; ஒவ்வொரு காருக்கும் எடையையும் சக்தியையும் அமைப்பாளர்களே ஏற்றி இறக்கிச் சமப்படுத்துவார்கள். 2024 முதல் லெ மான்ஸிலும் இந்த வகைக் கார்கள் ஓடுகின்றன. ஃபெராரி 296 ஜிடிபி ரோட்டுக் கார் மின்மோட்டாரும் சேர்ந்து 830 குதிரைத்திறன் தரும். அதன் ஜிடி3 வடிவத்தில் மோட்டாரையும் பேட்டரியையும் மொத்தமாகக் கழற்றிவிட்டார்கள். மிஞ்சியது சுமார் 600. அந்தக் கார் 2023-இல் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தை 162 சுற்று ஓடி வென்றது. 28 ஆண்டு கழித்தும் அதே பாதை, இந்த முறை இழப்பு இன்னும் பெரிது.

தமிழ்நாட்டில் இந்தப் பந்தய வகை வீட்டுப் பேச்சானது 2025 ஜனவரியில், துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி, போர்ஷே 911 கார்களுக்கான 992 வகுப்பில் மூன்றாம் இடம் பிடித்தபோது. அன்று பலர் கேட்டது, அது கடையில் விற்கும் போர்ஷேயா என்று. ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். அன்று அந்த வகுப்பில் ஓடிய 911 ஜிடி3 கப், ஷ்டுட்கார்ட்டின் சுஃபன்ஹவுசன் ஆலையில் ரோட்டு 911-கள் உருளும் அதே வரிசையில்தான் உருவானது. 4 லிட்டர் எஞ்சின், 510 குதிரைத்திறன். அந்தத் தலைமுறை ரோட்டு ஜிடி3-யிலும் அதே 510. பந்தயத்துக்காக ஒரு குதிரைகூடச் சேர்க்கவில்லை. மாறியவை வேறு: ரோட்டுக் கார் 1,400 கிலோவைத் தாண்டும், இது 1,260, டேங்க் 110 லிட்டர் பாதுகாப்புப் பை, வரிசைக் கியர்பாக்ஸ், உடம்போடு பற்றவைத்த ரோல் கேஜ், காற்று ஜாக்குகள், விபத்தில் ஓட்டுநரை மேலே எடுக்கக் கூரையில் ஒரு மூடி.

போர்ஷே அதோடு ஒரு பராமரிப்புக் கணக்கும் கொடுக்கிறது. இது கிலோமீட்டரில் இல்லை, பந்தயப் பாதையில் ஓடிய மணிநேரத்தில். கியர்பாக்ஸைத் திறந்து பார்ப்பது 60 மணிநேரத்தில், முழுதாகப் பிரித்துச் சரிசெய்வது 120-இல், எஞ்சினுக்கு 100. ஒரு துபாய் பந்தயம் முடிந்தாலே எஞ்சினின் அந்தத் தவணையில் கால்வாசி போய்விடும். பயிற்சியும் தகுதிச் சுற்றும் சேர்த்தால் இன்னும் கூடுதல். ஒரு சீசனில் இரண்டு மூன்று 24 மணி நேரப் பந்தயங்களுக்குப் பெயர் கொடுக்கும் அணி, எந்தப் பந்தயத்துக்கும் எந்தப் பந்தயத்துக்கும் நடுவில் எஞ்சினை இறக்குவது என்பதையும் அப்போதே குறித்துவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.